சந்திரகிரிக் கோட்டையில் ஒரு பிற்பகல்

பழந்தமிழர் தம் நாட்டின் வடவெல்லையாகக் கொண்டது வேங்கடம். அம்மலையை நாடி ஆண்டுதோறும் தில்லியிலிருந்து செல்லும் நம்மவருள், அதனை அடுத்துள்ள சந்திரகிரியைக் காண்போர் மிகச் சிலரே. விடுப்புப் பயணச் சலுகையில் சென்ற நாங்களும் முன்னர் இருமுறை காணாது திரும்பியவர்களே. மூன்றாம் முறை, இரவு வண்டிக்கு நேரம் இருந்தமையால், ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்கினோம்.

திருப்பதிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பாறைக்குன்று ஒன்றின் அடியில், மதில் சூழ அமைந்துள்ளது கோட்டை. கி.பி. 1000-ஐ ஒட்டி யாதவ மரபினர் இதனை எழுப்பினர் என்பர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோல்வியுற்ற விசயநகர அரசு, முதலில் பெனுகொண்டாவிலும், அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கும் தலைநகர் கொண்டது. மூன்று நிலைகளுடைய இராசமகால், மரத்தின் துணையின்றிக் கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றாலேயே கட்டப்பெற்றது. இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கற்சிலைகளையும் செப்புத் திருமேனிகளையும் வாள்களையும் கண்டவாறு நடந்தோம்.

"சென்னை நகருக்கான ஆணை பிறந்தது இங்கேதானாமே?" என உடன்வந்த நண்பர் வினவினார். செவிவழிச் செய்தி அவ்வாறே கூறுகிறது. வரலாறு சற்று வேறு. 1639-இல் பிரான்சிஸ் டேக்குக் கடற்கரை மணல்வெளியில் கோட்டை கட்ட உரிமை வழங்கியவர், இவ்வரச மரபுக்கு உட்பட்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அதனை 1645-இல் உறுதிப்படுத்தியவர் மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர். ஒப்பம் எவ்விடத்தில் இடப்பட்டதாயினும், அதற்கு வலிமை தந்தது இம்மரபின் பெயரே. மறு ஆண்டே, 1646-இல், சந்திரகிரி கோல்கொண்டா சுல்தானின் வசமாயிற்று.

நாளெல்லாம் கோப்புகளோடு பழகும் எங்களை இச்செய்தி நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஆணையிட்டவரின் அரசு நிலைகுலைந்தது; ஆணை பெற்றவரோ நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்தனர். தம் அரசின் இறுதிக் காலத்தில் இட்ட ஓர் ஒப்பம் இத்துணை தொலைவு செல்லுமென அம்மன்னர் எண்ணியிருப்பாரா?

மாடத்தில் நின்று நோக்கியபோது, மாலை வெயிலில் திருமலைத் தொடர் பொன்னிறமாய்த் தெரிந்தது. அடுத்த முறை வேங்கடம் செல்லும் அன்பர்கள் அரைநாளேனும் சந்திரகிரிக்கு அளிப்பார்களாக. நம் சென்னையின் பிறப்புக் கதையில் ஓர் ஏடு அம்மதிலுக்குள் இருக்கிறது.