அலமாரியில் தூங்கிய மருந்து

இன்னைக்குப் பேசப்போறது புதுசா கண்டுபிடிச்ச மருந்தைப் பற்றி இல்லை. மறந்துபோன ஒரு மருந்தைப் பற்றி.

மத்திய ஆப்பிரிக்காவில், முக்கியமா காங்கோ ஜனநாயகக் குடியரசில், தூக்க நோய் என்று ஒன்று இருக்கு. செட்சி ஈ கடித்தால் ஓர் ஒட்டுண்ணி ரத்தத்தில் இறங்கும். பிறகு மூளைக்குப் போகும். நோயாளி பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், புத்தி தடுமாறும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

மூளைவரை போன நோய்க்கு 1949-ல் வந்தது மெலர்சோப்ரால் ஊசி. அதில் இருந்தது ஆர்செனிக். போட்டுக்கொண்டவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் அந்த மருந்தாலேயே இறந்தாங்க. டாக்டர்களுக்கும் அது தெரியும். ஆனா வேற வழி?

பிறகு எஃப்லோர்னிதின் வந்தது. விஷம் குறைவு. ஆனால் 14 நாளில் 56 முறை டிரிப்ஸ் ஏத்தணும். கரன்ட்டே இல்லாத கிராமத்தில் யோசிச்சுப் பாருங்க. 2009-ல் இன்னொரு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து, அதை 14 டிரிப்ஸாகக் குறைத்தார்கள். அப்பவும் ஆஸ்பத்திரிப் படுக்கை வேணும்.

இப்போ ஜெர்மனிக்கு வருவோம். வயிற்றுப்போக்குக்கு நமக்குக் கொடுப்பாங்களே, மெட்ரோனிடசோல்? அதே குடும்பத்தில் ஹோக்ஸ்ட் கம்பெனி பல கிருமிகளுக்கு எதிராக உருவாக்கிய மருந்துதான் ஃபெக்ஸினிடசோல். தூக்க நோய் ஒட்டுண்ணியை எலிகளில் அது அடக்குது என்று 1983-லேயே ஆய்விதழ்களில் வெளியாகிவிட்டது. ஆனாலும் மருந்து கிடப்பில் போடப்பட்டது. நோயாளிகள் பரம ஏழைகள். அவர்களை நம்பி யார் முதலீடு செய்வாங்க?

20 வருஷத்துக்கு மேல் கழித்து, டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, இந்த வகைப் பழைய வேதிப்பொருட்களை நூற்றுக்கணக்கில் தூசி தட்டி எடுத்துச் சோதித்தது. 2005-ல் ஃபெக்ஸினிடசோல் கண்ணில் பட்டது. காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் முற்றிய நோயுள்ள 394 பேரிடம் சோதித்தார்கள். புது மாத்திரை 91 சதவீதம் பேரிடம் பலன் தந்தது. டிரிப்ஸ் சிகிச்சை 98 சதவீதம். கொஞ்சம் குறைவுதான். ஆனால் தினம் ஒரு வேளை, சாப்பாட்டோடு, 10 நாள். ஊசியே இல்லை. 2018-ல் காங்கோ அனுமதி கொடுத்தது. நோய் மிகவும் முற்றியவர்களுக்கு டிரிப்ஸ் தொடர்கிறது.

சந்தோஷமான முடிவுதான். ஆனா 1983-க்கும் 2005-க்கும் நடுவில் ஆர்செனிக் ஊசி போட்டுக்கொண்டவர்களை நினைச்சுப் பாருங்க. துப்பு அச்சிலேயே இருந்தது. அதைத் தேடிப் படிக்க யாருக்கும் அவசரம் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.