ஹவானா சுருட்டு

கியூபாவில் விளைந்த புகையிலையை மட்டுமே கொண்டு அந்நாட்டிலேயே கையால் சுருட்டப்படுவது ஹவானா சுருட்டு. தலைநகரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இதற்கு வேண்டிய சிறந்த இலை அங்கே விளைவதில்லை. தீவின் மேற்கே பினார் டெல் ரியோ மாகாணத்தில், சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்ட்டினேஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வுயல்ட்டா அபாஹோ வட்டாரத்தில்தான் விளைகிறது.

1492 நவம்பரில் கொலம்பஸ் தீவின் உட்பகுதிக்கு இருவரை அனுப்பினார். சுருட்டிய இலையைக் கொளுத்திப் புகையை இழுக்கும் தைனோ மக்களை அவர்கள் அங்கே கண்டனர். ஐரோப்பியர் புகையிலைப் பழக்கத்தை நேரில் கண்ட முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. புகையிலைச் செடி பின்னர் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. செடி அங்கிருந்து வந்தது என்றால், சொல் இங்கிருந்து போனது. இருமுனையும் வெட்டிய சுருட்டை ஆங்கிலேயர் இன்றும் ‘செரூட்’ என்பது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லைக் கொண்டுதான்.

உழவரின் கிளர்ச்சி

கியூபாவில் கரும்பு பெரும் பண்ணைகளின் பயிர். புகையிலையோ பெரும்பாலும் சிறு உழவர்களின் பயிராக இருந்தது; அடிமைகளின் உழைப்பும் அதில் கலந்திருந்தது. 1717இல் ஸ்பெயின் அரசு, விளையும் இலை முழுவதையும் தானே கொள்முதல் செய்யும் என்று ஆணையிட்டது. விலையை வைப்பதும் அரசுதான். உழவர்கள் 1717, 1720, 1723 என மூன்று முறை கிளர்ந்தெழுந்தனர். மூன்றாம் முறை பிடிபட்டவர்கள் ஹவானாவுக்கு அருகே கொல்லப்பட்டனர். பிறருக்கு எச்சரிக்கையாக அவர்களது உடல்கள் சாலையோரம் தொங்கவிடப்பட்டன. தாம் விளைவித்ததைத் தாமே விற்க வேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்டுவிடவில்லை. அந்த ஏகபோகம் 1817இல்தான் நீங்கியது. அதன் பிறகே எச். உப்மன் (1844), பார்த்தகாஸ் (1845) போன்ற புகழ்பெற்ற ஆலைகள் எழுந்தன.

சுவை பிறக்கும் விதம்

ஒரே செடியின் இலைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடியிலுள்ள ‘வொலாதோ’ காரம் குறைந்தது, நன்றாக எரியும். நடுவிலுள்ள ‘செக்கோ’ மணம் தரும். வெயிலை முழுதும் வாங்கும் உச்சி இலையான ‘லிஹெரோ’ தடித்தது, காரமானது, மெதுவாக எரிவது. ஆகவே சுருட்டின் நடுவில் வைக்கப்படும். இம்மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதே ஒவ்வொரு வகைச் சுருட்டின் தனித்தன்மை. வெளியே சுற்றும் மேலிலை, மெல்லிய துணிப்பந்தலின் நிழலில் தனியாக வளர்க்கப்படுகிறது. நேர்வெயில் பட்டால் அது தடித்துவிடும்.

பறித்த இலைகளைக் கொட்டகைகளில் கழிகளில் தொங்கவிட்டு ஏறக்குறைய ஐம்பது நாள் உலர்த்துகின்றனர். பின்பு ஈரம் காட்டி, குவியலாக அடுக்கிப் புளிக்க வைக்கின்றனர். நனைந்த வைக்கோற்போர் தானே சூடேறுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தச் சூட்டில் அம்மோனியாவின் நெடி வெளியேறி, இலையின் கசப்பும் காட்டமும் தணிகின்றன. லிஹெரோ இலை இதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருக்க வேண்டும். மண், தோல், காப்பி, கொக்கோ, தேவதாரு மரம் என்றெல்லாம் சுவைஞர்கள் கூறும் மணங்களுக்கு வெளியிலிருந்து எந்த வாசனைப் பொருளும் சேர்க்கப்படுவதில்லை. இவ்வளவு நயம் இருந்தும், சுருட்டு நஞ்சற்றது அன்று. புகையை உள்ளிழுக்காமல் வாயில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை.

சுருட்டுபவரை ‘தொர்செதோர்’ என்பர். அவருடைய கருவிகள் மிகச் சில: ஒரு மரப்பலகை, பிறைவடிவக் கத்தி, சிறிது தாவரப் பசை. உள்ளிலைகளைப் புகை ஊடுருவிச் செல்ல இடைவெளி இருக்கும்படி மடித்துச் சேர்த்து, இடையிலையால் சுற்றி, மர அச்சில் அழுத்தி வைக்கிறார். அதன்மேல் மேலிலையை இழுத்துச் சுற்றி, தலைப்பகுதியை அதே இலைத்துண்டால் மூடுகிறார். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர விட்டால் சூடாக எரிந்து சுவை கெடும். இந்தப் பதம் விரல்களுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தால்தான் வரும். முடிந்த சுருட்டுகளை நிறவாரியாகப் பிரித்து, கரிய நிறம் இடப்பக்கமும் வெளிறிய நிறம் வலப்பக்கமும் வரப் பெட்டியில் அடுக்குகின்றனர்.

ஆலையில் வாசகர்

கைகள் ஒரே வேலையை நாள்முழுதும் செய்யும்போது காதுகள் சும்மா இருக்கின்றன. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, வேலை செய்பவர்களுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் ஊதியத்திலிருந்து கொடுத்தனர். படிக்க வேண்டிய நூல்களையும் அவர்களே தேர்ந்தெடுத்தனர். செய்தித்தாள், வரலாறு, நாவல் என எழுத்தறியாதவரும் கேட்டு அறிந்தனர். இது பரவுவதைக் கண்ட காலனி அரசு 1866இலேயே தடை விதித்தது. ஆனாலும் வழக்கம் மீண்டும் தழைத்தது. அமெரிக்காவின் டாம்பா நகரில் குடியேறிய கியூபத் தொழிலாளரிடமும் அது சென்றது. விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மார்த்தி 1891இல் ஆதரவு தேடிச் சென்றது இவர்களிடம்தான். நாட்டு நடப்பைக் கேட்டுப் பழகிய கூட்டத்திடம் அவர் பேசினார். டாம்பா ஆலை முதலாளிகள் 1931இல் வாசகர்களை நீக்கினர். பின்னர் அவ்விடத்தை வானொலி பிடித்தது. கியூபாவில் வழக்கம் தொடர்கிறது. 2012இல் அது நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது. 1935இல் தோன்றிய மோன்டேகிறிஸ்டோ சுருட்டுக்கு அப்பெயர் வரக் காரணம், தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் துமாவின் நாவல் என்பது வழங்கிவரும் செய்தி.

புரட்சிக்குப் பின்

1960இல் ஆலைகள் அரசுடைமையாயின. வெளியேறிய உரிமையாளர் சிலர் அதே பெயர்களைக் கொண்டு பிற நாடுகளில் சுருட்டுத் தொழில் நடத்தினர். இதனால் ஒரே பெயரில் கியூபச் சுருட்டும் வேற்று நாட்டுச் சுருட்டும் இன்று விற்கப்படுகின்றன. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா வணிகத் தடையை அறிவித்தது. ஆணையில் கையெழுத்திடுமுன் அதிபர் கென்னடி தமக்காக 1,200 சுருட்டுகளை வாங்கி வரச் செய்தார் என்று அவருடைய செய்தித் தொடர்பாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் கூறினார்.

புதிய அரசு 1966இல் கொஹிபா என்ற சுருட்டை உருவாக்கியது. அதைச் செய்த எல் லகிட்டோ ஆலையில் பெண்களுக்குச் சுருட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. அதுவரை இத்தொழிலில் பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இலையின் நடுநரம்பை உரித்தெடுக்கும் வேலைதான். இன்று சுருட்டும் பலகைகளின் முன் பெண்கள் பெருமளவில் அமர்ந்திருக்கின்றனர்.

2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் டெல் ரியோவைத் தாக்கியது. உலர்த்தும் கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாற்றுப் பாவும் பருவம் அது. உழவர்கள் விழுந்த மரச்சட்டங்களைப் பொறுக்கிக் கொட்டகைகளை மறுபடி எழுப்பிக்கொண்டே நடவுக்கும் ஆயத்தமாக வேண்டியிருந்தது.