மாதவியின் கூந்தல் முதல் பாக்கெட் ஷாம்பு வரை

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் ஒரு குளியல் காட்சி வருகிறது. இந்திர விழா முடிந்த நேரம். கோவலன் ஊடலில் இருக்கிறான். அவனைச் சமாதானம் செய்ய மாதவி முதலில் செய்யும் காரியம், தலைக்குக் குளிப்பது! 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை எல்லாம் ஊறிய நீரில், வாசனை நெய் பூசிய கூந்தலைக் கழுவுகிறாள். பிறகு புகையில் உலர்த்துகிறாள். அதன்பின் கூந்தலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கஸ்தூரிக் குழம்பைப் பூசுகிறாள்.

இன்றைக்கு அழகு நிலையங்களில் "ஹேர் மாஸ்க்" என்று பலகை எழுதி வைத்து ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். எண்ணெய், கழுவுதல், ஆவி அல்லது சூடு, கடைசியில் ஒரு பூச்சு. வரிசைகூட அதிகம் மாறவில்லை. (இத்தனை பொருளைத் தலைக்குத் தேய்த்தும் அடுத்த காதையிலேயே இருவரும் பிரிந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.)

இந்தப் பொருள்கள் என்னென்ன என்று பழைய உரை பட்டியல் தருகிறது. துவர் என்றால் துவர்ப்புள்ள பொருள். பத்துத் துவரில் முதலில் நிற்பது பூவந்தி, அதாவது இன்று நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை என்று கேட்டால் கிடைப்பது. அடுத்து கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்ற திரிபலை. பிறகு கருங்காலி, நாவல், கூடவே ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கு பால் மரங்கள். விரை என்றால் வாசனைப் பொருள். கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் ஆகிய ஐந்தும் அந்தக் கணக்கு.

பட்டியலைச் சும்மா பார்த்தால் பணக்கார வீட்டு ஆடம்பரம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பூந்திக்கொட்டை நுரைக்கும். திரிபலையின் துவர்ப்பு தலையின் எண்ணெய்ப் பிசுக்கை இழுக்கும். 1892ல் உ.வே.சாமிநாதையர் இந்த நூலைப் பதிப்பித்து வெளியிட்டபோது, படித்தவர்களின் வீட்டுப் பரணிலும் அதே பூந்திக்கொட்டையும் கடுக்காயும் இருந்திருக்கும். அகிலும் கஸ்தூரியும்தான் இருந்திருக்காது!

சாதாரண வீடுகளில் இருந்தது வேறு கூட்டு. சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காயவைத்த செம்பருத்தி, எலுமிச்சைத் தோல். மொட்டை மாடியில் நாலு நாள் வெயிலில் காயவைத்து மாவு மில்லுக்குக் கொண்டு போனால், மில்காரர் கொஞ்சம் முறைப்பார். சீயக்காய் அரைத்த மெஷினில் அடுத்து யாராவது கோதுமை போட்டால் சண்டைதான். அதனால் பல இடங்களில் சீயக்காய்க்கு என்றே தனி மெஷின் உண்டு. அந்தப் பக்கம் போனாலே தும்மல் வரும்.

கொங்குப் பகுதியிலும் தெற்கே சில மாவட்டங்களிலும் சீயக்காயைவிட அரப்புக்கு மவுசு அதிகம். உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்புத்தூள். மரம் பக்கத்தில் இருந்தால் காசு செலவே இல்லை. இலங்கைத் தமிழர்களோ சித்திரைப் புத்தாண்டு அன்று மருத்துநீர் வைத்து முழுகும் வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. பூ, இலை, மஞ்சள், சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் போட்டுக் காய்ச்சிய அந்த நீரைக் கோயிலில் வாங்கி வந்து தலையில் வைத்துக் குளிப்பார்கள். அங்கே அது அழகுக் குறிப்பு அல்ல, சடங்கு.

இந்தப் பொடியை யாரும் வெறும் தண்ணீரில் மட்டும் கரைக்கவில்லை. சோறு வடித்த கஞ்சியில் கரைத்தார்கள். இன்று "ரைஸ் வாட்டர்" என்று பெயர் போட்ட பாட்டிலைக் கடையில் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சீனாவின் குவாங்சி மாகாணத்தில் யாவ் இனப் பெண்கள் புளித்த அரிசிக் கழுநீரில் நீண்ட கூந்தலை அலசுவது உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. வடித்த கஞ்சிக்கு அந்த விளம்பரம் கிடைக்கவில்லை.

சரி, இதெல்லாம் உண்மையில் முடிக்கு என்ன செய்கிறது?

முதலில் ஒரு உண்மை. தலைக்கு வெளியே இருக்கும் முடி உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். அதற்கு வெளியிலிருந்து "ஊட்டம்" கொடுக்க முடியாது. முடிக்கு ஊட்டம் கிடைப்பது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில், அதுவும் ரத்தத்தின் வழியாக, அதாவது சாப்பாட்டின் வழியாக. முட்டையை உடைத்துத் தலையில் ஊற்றுவதைவிடச் சாப்பிடுவது நல்லது என்று டாக்டர்கள் கிண்டல் செய்வது இதனால்தான். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது.

ஆனால் ஒன்றும் செய்யாது என்று சொல்வதும் தவறு. ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் அடுக்கியது போல ஒரு மேலுறை இருக்கிறது. செதில்கள் படிந்து கிடந்தால் முடி வழவழப்பாக, பளபளப்பாகத் தெரியும். தூக்கி நின்றால் சிக்கு விழும், உடையும். ஊறவைத்து அரைத்த வெந்தயம், கசக்கிய செம்பருத்தி இலை, சோற்றுக் கற்றாழை மூன்றிலும் இருப்பது ஒரு வழவழப்பான பசை. அது முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. சிக்கு எடுக்கும்போது முடி அறுவது குறைகிறது. கஞ்சியில் இருக்கும் மாவுப் பொருளும் இப்படித்தான் மேலே படிகிறது.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் தெளிவான ஆதாரம் உண்டு. 2003ல் ரெலே, மொகிலே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து வெளியேறுவதை மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. காரணம், அதில் இருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. முடிக்குள்ளேயே ஊடுருவிவிடுகிறது. ஆராய்ச்சி செய்தவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் கட்டுரை ஆராய்ச்சி இதழில் வந்தது, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இந்த இடத்தில்தான் சீயக்காயின் குணம் முக்கியமாகிறது. அதன் நுரைக்குக் காரணம் சபோனின் என்ற பொருள். அழுக்கை எடுக்கும், ஆனால் மூர்க்கமாக எடுக்காது. தேய்த்த எண்ணெயில் கொஞ்சம் முடியிலேயே தங்கிவிடும். அதாவது எண்ணெய், அரைப்பு, கஞ்சி மூன்றும் சேர்ந்து ஒரே முறை. கழுவுவது தனி, மென்மையாக்குவது தனி என்ற பிரிவே அதில் கிடையாது. இந்த முறை உடைந்த கதைதான் ஷாம்புவின் கதை.

வேடிக்கை என்னவென்றால் ஷாம்பு என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் "சாம்ப்னா" என்ற இந்திச் சொல்தான் மூலம். அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் சேக் தீன் முகமது. 1759ல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்தவர். 1784ல் அயர்லாந்து போனார். 1794ல் ஆங்கிலத்தில் பயண நூல் எழுதினார். 1810ல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து நஷ்டப்பட்டார். பிறகு பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் கொண்ட நிலையம் நடத்தி, இரண்டு இங்கிலாந்து மன்னர்களுக்கு "ஷாம்பூயிங் சர்ஜன்" ஆனார்! அவர் செய்தது மசாஜ். தலை கழுவுவது என்ற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தச் சொல்லுக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொல் புதிய அர்த்தத்தோடு திரும்பி வருவதற்கு முன் இங்கே சோப்பு வந்து இறங்கியது. 1888ல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்தன. சோப்பு காரத்தன்மை உடையது. முடியின் செதில்களைத் தூக்கிவிடும். அதோடு உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டும். தமிழ்நாட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சபோனினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. உடம்புக்குச் சோப்பு, தலைக்குச் சீயக்காய் என்று பல வீடுகளில் பல காலம் பிரித்து வைத்திருந்தது வெறும் பழமைப் பிடிப்பு அல்ல.

மேலை நாடுகளில் 1930களில் செயற்கை டிடர்ஜெண்டால் செய்த ஷாம்பு வந்தது. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் டிரீன் அதில் முன்னோடி. எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அழுக்கோடு எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடும். முடி காய்ந்து பறக்கும். அதைச் சரிசெய்யக் கண்டிஷனர் தேவைப்பட்டது. எண்ணெயை எடுக்க ஒரு பாட்டில், எடுத்ததைத் திருப்பி வைக்க இன்னொரு பாட்டில்!

தமிழ்நாட்டில் ஷாம்பு நீண்ட காலம் வசதியானவர்கள் பொருளாகவே இருந்தது. அதை மாற்றியது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி அல்ல, கடலூர்க்காரர்கள். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், எந்தப் பொருளையும் சின்னப் பாக்கெட்டில் போட்டால் கூலி வேலை செய்பவரும் வாங்க முடியும் என்று நம்பியவர். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டு வந்தார்கள். பிள்ளைகளில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகப் பிரிந்து போய்த் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பெயர்கூட அப்பா பெயரின் முதலெழுத்துகளை ஒட்டியது. காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு ஷாம்பு பாக்கெட் இலவசம் என்ற திட்டம் கிராமம் கிராமமாகப் பரவியது. 1998ல் கவின்கேர் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், மீரா என்ற பெயரில் சீயக்காயையும் விற்றது. தன் போட்டியாளரைத் தானே விற்ற கதை!

சீயக்காய் தோற்றதற்குக் காரணம் தரம் அல்ல. தரம்தான் காரணம் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. காரணம் உழைப்பு. ஒரு எண்ணெய்க் குளியலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் அம்மியில் அரைக்க வேண்டும். எண்ணெய் காய்ச்ச வேண்டும். விறகு அடுப்பில் வெந்நீர் போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றில் இறைக்க வேண்டும் அல்லது குழாயடியில் நின்று பிடிக்க வேண்டும். பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணில் சீயக்காய் பட்டு அவர்கள் போடும் கூச்சல் தனி. பொடி ஒட்டாமல் அலச இரண்டு மூன்று வாளித் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும். கடைசியில் சாம்பிராணி போட வேண்டும். மாதவிக்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள். மற்ற வீடுகளில் இத்தனையும் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. வீட்டில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு மிச்சம் இருக்கும் ஆறிய வெந்நீரில் அவள் குளிப்பாள்.

செலவும் சும்மா இல்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியிலேயே எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது தெரிகிறது. வாரம் ஒருமுறை குடும்பம் முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, மதியம் கண் சொருகித் தூங்க, எல்லோருக்கும் வசதி இருக்கவில்லை. நாற்று நடப் போகும் பெண்ணுக்குத் தீபாவளி அன்றுதான் அது.

அதனால் "அந்தக் காலத்தில் எல்லோருக்கும் முழங்கால் வரை கூந்தல்" என்ற பேச்சைக் கேட்கும்போது கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். பாக்கெட் ஷாம்பு அந்தப் பெண்களின் முடியிலிருந்து எண்ணெயை எடுத்தது உண்மை. அவர்களுக்கு அரை நாளைத் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. வேலைக்குப் போன பெண், ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண், ஒரு குடத் தண்ணீருக்கு லாரி வரும்வரை காத்திருந்த சென்னைப் பெண், இவர்கள் யாரும் ஏமாந்து போய் ஷாம்பு வாங்கவில்லை.

இப்போது அரைப்பு மீண்டும் வருகிறது, ஹேர் மாஸ்க் என்ற பெயரோடு. அம்மிக்குப் பதில் மிக்ஸி. இரவில் ஊறவைத்த வெந்தயம் 2 நிமிடத்தில் அரைந்துவிடும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி வடிகட்டினாலே போதும், திப்பி முடியில் மாட்டாது. ஆனால் பெரும்பாலானோர் அதைத் தடவி அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டு, நுரை வர ஷாம்பு போட்டு முழுவதையும் கழுவி விடுகிறார்கள். படிய வேண்டிய படலம் அதோடு சாக்கடைக்குப் போகிறது. பழைய வரிசையில் எண்ணெய் முதலில், கழுவும் பொடியும் கஞ்சியும் ஒன்றாக, அதன் பிறகு வெறும் தண்ணீர் மட்டும்தான்.