துருப்பிடித்த பிரேக் குழாயும் ஒருநாள் சான்றிதழும்

பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் ஓட்டுபவரின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது, பென்சிலை விட ஒல்லியான ஒரு குழாய். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம் கூட கிடையாது. அது உடைந்தால் என்ன ஆகும்? உடையும் முன் யார் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

எண்ணெயும் உப்பும்

ஆரம்பகாலக் கார்களில் பிரேக்கை இழுத்தவை கம்பிகளும் தண்டுகளும்தான். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதியை அழுத்தினால் குழாயில் இருக்கும் பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் கொண்டு போகும். நாளடைவில் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாறின. குழாய்களைப் பெரும்பாலும் எஃகில் செய்தார்கள். எஃகு மலிவு, பலமும் உண்டு. ஆனால் துருப்பிடிக்கும்.

குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். பனி பெய்யாத ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இந்த வழக்கம் வேகமாகப் பரவியது. உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் தெறித்து, சேற்றோடு சேர்ந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். துரு வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல அரிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், மெலிந்துபோன குழாய் மெதுவாக ஓட்டும்போது தாக்குப்பிடிக்கும். திடீரென்று ஒருவர் குறுக்கே வந்து, முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அப்போதுதான் வெடிக்கும். அதாவது பிரேக் மிகவும் தேவைப்படுகிற அந்த நொடியில்!

இதற்கு ஒரு தீர்வாக 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று பிரேக் கட்டாயமானது. ஒரு சுற்று போனாலும் மற்றது வேலை செய்யும். உயிர்களைக் காத்த ஏற்பாடு இது. ஆனாலும் பாதி பிரேக்கோடு வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். தவிர, இரண்டு சுற்றுக் குழாய்களும் ஒரே வயது, ஒரே உப்பில் நனைந்தவை.

பிரிட்டனின் சோதனை

பிரிட்டனில் பழைய வண்டிகளைச் சோதிக்க 1956-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் காலத்தில், 1960-ல் சோதனை தொடங்கியது. அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'எம்.ஓ.டி.' என்பதே சோதனைக்கும் பெயராகிவிட்டது. முதலில் பத்து வயதான வண்டிகளுக்கு மட்டும். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் இவ்வளவுதான் பார்த்தார்கள். ஏராளமான வண்டிகள் தோற்றன. அதனால் 1961 முடிவதற்குள் வயது வரம்பு ஏழாகக் குறைந்தது. 1967-ல் மூன்றானது.

இன்றைய சோதனைக் கையேட்டின்படி, குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டர் அரிக்கப்பட்டிருந்தால் வண்டி தோல்வி. இதை அளப்பது எப்படி? சோதிப்பவர் குழாயை லேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். மற்றபடி கண்தான் அளவுகோல். இது எளிதல்ல என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. எதையும் கழற்றிப் பார்க்கவும் அவருக்கு அனுமதி இல்லை. பெட்ரோல் டேங்குக்கு மேலே மறைந்து போகும் குழாயும், பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே ஓடும் குழாயும் அவர் கண்ணில் படாது. அவர் தரும் சான்றிதழும் சோதனை நடந்த அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. அடுத்த சோதனை ஒரு வருடம் கழித்து. நடுவில் ஒரு குளிர்காலம் முழுதாக வந்து போகும்.

அமெரிக்காவின் விசாரணை

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான கட்டாயச் சோதனை கிடையாது. அது மாநிலங்களின் விருப்பம். நியூ ஜெர்சி 2010-ல் சொந்தக் கார்களுக்கு இயந்திரப் பாகங்களின் சோதனையைக் கைவிட்டது. டெக்சாஸ் 2025 தொடக்கத்தில் வணிகம் சாராத வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை நிறுத்தியது.

ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து உடைவதாகப் புகார்கள் குவிந்தன. சுமார் 50 லட்சம் வண்டிகள். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் விசாரித்து, 2015-ல் கோப்பை மூடியது. இது தயாரிப்புக் குறை அல்ல, வயதால் வந்த தேய்மானம் என்பது அதன் முடிவு. வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவு இல்லை. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாயைச் சோதியுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை மட்டும் கிடைத்தது.

இத்தனைக்கும் துருவை எதிர்த்து நிற்கும் குழாய் புதிதல்ல. செம்பும் நிக்கலும் கலந்த குழாயை வால்வோ நிறுவனம் 1970-களிலேயே பயன்படுத்தத் தொடங்கியது. விலைதான் கொஞ்சம் அதிகம்.

சோதனையால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. 1960-ல் தோற்ற வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தைய நாள் வரை சாலையில் ஓடியவைதானே! ஆனால் சோதனை என்பது கடைசி வலை. அந்த வலையில் ஓட்டை உண்டு. நல்ல குழாய் போடுவது தயாரிப்பவரின் கடமை, சான்றிதழ் கையில் இருந்தாலும் குனிந்து அடியில் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை. துருவுக்குச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது.