வானத்தில் போட்ட சாயம் எங்கே போகிறது?

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. நாங்கள் போகவில்லை, வீட்டில் டிவியில்தான் பார்த்தோம். (அன்று வெயிலில் ஐந்து பேர் இறந்துபோன செய்தி சாயங்காலம்தான் வந்தது. அதை நினைக்காமல் அந்த நாளைப் பற்றி எழுத முடியவில்லை.) சூர்யகிரண் அணியின் விமானங்கள் புகை விட்டுக்கொண்டே போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் கண்ணு, புகைக்குக் கலர் போடறாங்கன்னா சாயம் கலக்கோணுமல்லோ? அந்தச் சாயமெல்லாம் அப்பறம் எங்க போய் உழுகுது?"

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் டையிங் மாஸ்டர். சாயம் என்றால் அவருக்கு வரும் முதல் சந்தேகம் அதுதான். நான் பதில் தெரியாமல் முழித்தேன். அப்புறம் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம், அது புகையே இல்லை. எதுவும் எரிவதில்லை. ஜெட் எஞ்சினின் வால் பக்கம் வெளியே பாய்கிற சூடான காற்றுக்குள் ஒரு சின்னக் குழாய் வழியாக டீசல் மாதிரி எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். டீசல் சுமார் 180 டிகிரியில் ஆவியாக ஆரம்பித்து 360 டிகிரிக்குள் முழுசாக ஆவியாகிவிடும். எஞ்சின் காற்று அதைவிடச் சூடு. ஆனால் அது போகிற வேகத்தில் எண்ணெய் பற்றி எரிய நேரம் கிடைப்பதில்லை. ஆவியான அடுத்த கணமே வெளிக்காற்றில் கலந்து குளிர்ந்து, கோடிக்கணக்கான நுண்துளிகளாக மாறுகிறது. அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மார்கழி மூடுபனி வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான். இங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான்.

இதைப் பெரியப்பாவிடம் விளக்க நான் கஷ்டப்படவே இல்லை. "அட, ஸ்டென்டர் புகை!" என்றார். திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். லைக்ரா துணியை ஸ்டென்டரில் ஹீட் செட் பண்ணும்போது, நிட்டிங் மெஷினில் துணியில் ஏறிய எண்ணெய் ஆவியாகி, சிம்னி வழியாக வெளியே வந்ததும் வெளுப்பான புகையாக நிற்கும். ஏர் ஷோவில் அதே வேலையை வேண்டுமென்றே, மணிக்கு பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் செய்கிறார்கள்.

இதனால்தான் ஆஃப்டர்பர்னர் போட்டுப் பறக்கும்போது இந்தப் புகை வராது. அங்கே எஞ்சினின் வாலில் நெருப்பே இருக்கும், எண்ணெய் எரிந்து போய்விடும். ரொம்ப உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தின் பின்னால் தெரிகிற வெள்ளைக்கோடும் வேறு சமாச்சாரம். அது எஞ்சினிலிருந்து வரும் நீராவி உறைந்த பனித்துகள். அதற்கு யாரும் எதையும் ஊற்றுவதில்லை.

இந்தத் தந்திரம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. முதல் உலகப்போர் முடிந்தபின் ஜாக் சாவேஜ் என்ற ஆங்கிலேயர், எஸ்.இ.5ஏ போர் விமானங்களை வாங்கி, புகைக்குழாயை வால்வரை நீட்டி, வானத்தில் எழுத்து எழுதும் தொழிலை ஆரம்பித்தார். 1922இல் அவருடைய விமானி சிரில் டர்னர் இங்கிலாந்தில் எப்சம் குதிரைப் பந்தயக் கூட்டத்துக்கு மேலே 'டெய்லி மெயில்' என்று பத்திரிகை பெயரை எழுதினார். ஆக, இது முதலில் பிரபலமானது விளம்பரத்துக்காக.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்திய விமானப்படை 1982இல், தன் பொன்விழா ஆண்டில், ஹண்டர் விமானங்களோடு 'தண்டர்போல்ட்ஸ்' அணியை அமைத்தது. 1996இல் பீதரில் சூர்யகிரண் தொடங்கியது. விமானம், எச்.ஏ.எல். தயாரித்த கிரண் மார்க் 2. 2011 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியாவோடு அந்த அணி நிறுத்தப்பட்டது. பயிற்சி விமானங்களுக்குப் பற்றாக்குறை, கிரண்கள் பயிற்சிக்கே தேவைப்பட்டன. சில வருஷம் கழித்து ஹாக் மார்க் 132 விமானங்களோடு திரும்பி வந்தது. மூவர்ணப் புகைக்கான கலன்களை விமானப்படையின் நாசிக் பழுதுபார்ப்பு நிலையத்திலேயே தயாரித்தார்கள். நமக்குப் பக்கத்தில் சூலூரிலும் ஓர் அணி இருக்கிறது. துருவ் ஹெலிகாப்டர்களில் பறக்கிற 'சாரங்'.

கலருக்கு என்ன செய்கிறார்கள்? வெள்ளைக்குச் சாயமே வேண்டாம், வெறும் எண்ணெய் போதும். காவிக்கும் பச்சைக்கும்தான் சாயம். நாம் பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் கரைவது, இங்கே உதவாது. எண்ணெயில் கரைகிற சாயம் வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்குமே, அந்த ஜாதி.

பிரிட்டனின் ரெட் ஆரோஸ் அணியும் ஹாக் குடும்ப விமானங்களில்தான் பறக்கிறது. அவர்கள் ஒரு விமானத்தில் கொண்டுபோவது ஐந்து நிமிட வெள்ளை, ஒரு நிமிடச் சிவப்பு, ஒரு நிமிட நீலம். அவ்வளவே. அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறார்கள்.

நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று. அந்த அணி புகைக்குச் சொல்லும் முதல் காரணம் அழகு அல்ல, பாதுகாப்பு. புகை நகர்வதைப் பார்த்துத்தான் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கணிக்கிறார்கள். எதிரெதிராக வரும்போது இன்னொரு விமானம் எங்கே என்று காட்டுவதும் அதுதான். இந்த வேலையில் தவறுக்கு எவ்வளவு குறைந்த இடம் என்பதற்கு 2019 பிப்ரவரி 19 சாட்சி. எலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார்.

சரி, பெரியப்பா கேள்வி? துளிகள் ரொம்பச் சின்னது என்பதால் உடனே கீழே விழாது. காற்றில் பரவி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர்த்துப்போகும். கொஞ்சம் மறுபடி ஆவியாகும், மீதி மெதுவாக எங்கேயோ இறங்கும். மறைந்தது என்று நாம் சொல்வது உண்மையில் பரவியது. ஒரு ஷோவுக்குச் சில நிமிடம் என்பதால் அளவு சின்னது. பட்டறைத் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாது.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். ஆத்துல உட்டா தண்ணியோட போயிரும்னு" என்றார்.

போகவில்லை. 1992இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றது. நொய்யல் பாசனம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தொழில் திரும்ப எழுந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் சூர்யகிரண் நின்றதும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேதியைப் பார்த்தபோது கண்ணில் பட்டது.

அடுத்த தடவை வானத்தில் மூவர்ணம் பார்த்தால் நானும் கை தட்டுவேன். கூடவே, கலைந்த புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பார்ப்பேன். விமானிக்கு அது காற்றின் கணக்கு. நம்ம ஊர்க்காரனுக்கு அது வேறு கணக்கு.