கொப்பரைத் துறை

அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்கோடியில், பனிமலைகள் மிதந்து வரும் பாதையில், தெற்கு ஜார்ஜியா என்று ஒரு தீவு இருக்கிறது. நீளம் சுமார் 165 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் என்றும் கரையாத பனி. விமான நிலையம் கிடையாது. ஆராய்ச்சிக்காரர்களும் சில உத்தியோகஸ்தர்களும் தவிர, அங்கே வசிப்பவர்களும் கிடையாது. ஆனாலும் வருஷந்தோறும் நவம்பர் முதல் மார்ச் வரையில் உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் அங்கே போகின்றன. ஏராளமான பணத்தைக் கொட்டி, கொந்தளிக்கும் கடலில் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் போகிறார்கள். எதற்காக என்றால், பெங்குவின்களையும் கடல்நாய்களையும் பார்ப்பதற்காக! செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா ஒன்றில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் ஜோடி ராஜ பெங்குவின்கள் திருவிழாக் கூட்டம்போல் நிற்கின்றன. பார்க்க வேண்டிய காட்சிதான்; சந்தேகமில்லை.

ஆனால் நினைத்தவுடன் கரையில் கால் வைத்துவிட முடியாது. முதலில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சட்டைப் பையைத் திருப்பிக் காட்ட வேண்டும். துணி மடிப்பில் ஒரு புல்விதை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் மறு காரியம். ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. பிராணிகளை விட்டு எட்டியே நிற்க வேண்டும். நம் பாட்டிமார்களின் மடியும் ஆசாரமும் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

ஆளில்லாத தீவுக்கு இத்தனை ஆசாரம் ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

1775-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி, ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேய மாலுமி இந்தத் தீவில் இறங்கினார். தெற்கே ஒரு பெரிய கண்டம் இருப்பதாக அந்தக் காலத்தில் நம்பிக்கை. அதுதான் இது என்று ஆசையோடு கரையோரமாகவே போனவர், தென்முனையைச் சுற்றியதும் இது வெறும் தீவு என்று கண்டுகொண்டார். மனம் ஒடிந்து, அந்த முனைக்கு ‘ஏமாற்ற முனை’ என்றே பெயர் வைத்தார். தீவைப் பயங்கரமான பாழ்பூமி என்று எழுதினார். கூடவே, கரையில் கடல்நாய்கள் இருப்பதையும் எழுதி வைத்தார். கண்டதைக் கண்டபடி எழுதிய யோக்கியர் அவர். அவர் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

1777-இல் அவருடைய பிரயாண நூல் வெளியாயிற்று. அதில் பாழ்பூமி என்ற வார்த்தையை வியாபாரிகள் கவனிக்கவில்லை. கடல்நாய் என்ற வார்த்தையைக் கவனித்தார்கள். 1786 முதல் வேட்டைக் கப்பல்கள் வரத் தொடங்கின. கடல்நாயின் மென்மயிர்த் தோலுக்குச் சீனாவில் காண்டன் துறைமுகத்தில் நல்ல கிராக்கி. 1800-01 பருவத்தில் ‘ஆஸ்பேசியா’ என்ற ஒரே அமெரிக்கக் கப்பல் 57,000 தோல்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. மனிதனைக் கண்டு ஓட வேண்டும் என்று அந்தப் பிராணிகளுக்கு அதுவரை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தடியால் அடித்தே கொன்றார்கள். 1825-இல் ஜேம்ஸ் வெட்டல் என்ற கப்பல் தலைவர் கணக்குப் போட்டபோது, அதுவரை பன்னிரண்டு லட்சம் தோல்கள் போயிருக்கும் என்று தெரிந்தது.

தோல் தீர்ந்ததும் கடல்யானைகளின் முறை வந்தது. அவற்றின் கொழுப்பைக் கரையிலேயே பெரிய இரும்புக் கொப்பரைகளில் உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். 1902-இல் அங்கே போன ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சிக் குழுவினர், ஒரு துறையில் அந்தப் பழைய கொப்பரைகள் கிடப்பதைப் பார்த்து அதற்கு ‘கிரிட்விகன்’ என்று பெயரிட்டார்கள். ‘கொப்பரைத் துறை’ என்றே அதற்கு அர்த்தம்.

அந்தக் குழுவின் கப்பல் தலைவர் கார்ல் அன்டன் லார்சன், நார்வேக்காரர். 1903-இல் அவருடைய கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. அர்ஜென்டினாக்காரர்கள் அவரைக் காப்பாற்றி, புவனோஸ் அயர்ஸில் விருந்தும் வைத்தார்கள். உயிர் தப்பி வந்த மனிதர் அந்த விருந்திலேயே, தென்கடலில் திமிங்கிலங்கள் மலிந்து கிடக்கின்றன, முதல் போட யார் தயார் என்று கேட்டாராம்! முதல் கிடைத்தது. 1904 நவம்பரில் கொப்பரைத் துறையில் திமிங்கிலத் தொழிற்சாலை எழுந்தது. அவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. 1913-இல் தொழிலாளிகளுக்காக அங்கே ஒரு மரச் சர்ச்சும் கட்டிக் கொடுத்தவர்.

ஆரம்ப வருஷங்களில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு, மிச்ச உடலை அலையில் தள்ளிவிட்டார்கள். அந்த எண்ணெய் சோப்பாயிற்று. ஐரோப்பியர் ரொட்டியில் தடவும் மார்கரினாயிற்று. முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரினும் ஆயிற்று. 1965 வரையில் இந்தத் தீவில் உரிக்கப்பட்ட திமிங்கிலங்கள் சுமார் 1,75,000. பூமியிலேயே பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம் மட்டும் அவற்றில் நாற்பதாயிரத்துக்கு மேல்.

அந்த வருஷம் கடைசித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இரக்கம் வந்து மூடவில்லை. பிடிக்கத் திமிங்கிலம் இல்லை, மூடினார்கள்.

சரியாக அடுத்த வருஷம், 1966-இல், லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 57 பிரயாணிகளை ஒரு கப்பலில் அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார். கொல்வதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கண்ணால் கண்டவர்கள் அதைக் காப்பாற்றவும் முன்வருவார்கள் என்பது அவர் கட்சி. 1969-இல் இதற்கென்றே ஒரு கப்பலும் கட்டினார். பிறகு கைமாறி ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயருடன் ஓடிய அந்தக் கப்பல், 2007 நவம்பரில் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் பிழைத்தார்கள். அதன் எண்ணெய் கடலில் படர்ந்தது. பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு.

வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகளின் கதையைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். கடல்நாய் வேட்டை ஓய்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், எலிகள் தங்கள் வேட்டையை நிறுத்தவில்லை. நம் வயல்வெளிகளில் ஓடித் திரியும் நெட்டைக்காலிக் குருவிக்குத் தெற்கு ஜார்ஜியாவில் ஓர் உறவுண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத அந்தக் குருவி தரையில் கூடு கட்டும். எலி புகுந்த கரைகளில் அதன் பாட்டே கேட்காமல் போயிற்று. 2011 முதல் 2015 வரையில் ஹெலிகாப்டர்களில் விஷ உணவு தூவி எலிகளை ஒழித்தார்கள். 2018-இல் மோப்ப நாய்களை விட்டுத் தேடி, ஓர் எலிகூட இல்லை என்று அறிவித்தார்கள். நார்வேக்காரர்கள் 1911-இல் கொண்டுவந்து விட்ட கலைமான்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தன. அவற்றையும் சுட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. பழைய பாவத்தைக் கழுவப் புதிதாக ரத்தம் சிந்த நேர்ந்ததே என்று எனக்கு வருத்தந்தான். ஆனால் குருவி திரும்பி வந்துவிட்டது.

கடல்நாய்களும் திரும்பின. வேட்டைக்காரர் கைக்கு எட்டாத பறவைத் தீவின் ஓரங்களில் தப்பிய சொற்பத்திலிருந்து பெருகி, இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2023-இல் பறவைக் காய்ச்சல் வந்து, கடல்யானைகளில் ஏராளமானவை மாண்டன. அந்த நோயைக் கொண்டுவந்தவை பறவைகள், பிரயாணிகள் அல்ல. ஆனாலும் அந்தச் செய்திக்குப் பிறகு, பூட்ஸ் கழுவும் ஆசாரத்தைக் கண்டு சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

பார்க்கப் போகலாமா, கூடாதா? போகலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் குக்கும் பார்க்கத்தான் போனார் என்பது ஞாபகம் இருக்கட்டும். அவர் எழுதியதைப் படித்து முதலில் புறப்பட்டவர்கள் தடியோடு போனார்கள். இப்போது படித்துவிட்டுப் போகிறவர்கள் வேறு விதமாகவும் போகிறார்கள். 2020-இல் அந்தக் கடலுக்குப் போன ஆராய்ச்சிக் கப்பல் ஐம்பதுக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கண்டு கணக்கில் எழுதிக்கொண்டது. கொப்பரைத் துறையின் பழைய பேரேடுகளிலும் நீலத் திமிங்கிலங்களுக்குக் கணக்கு உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் எழுதப்பட்டவை, எழுதி முடித்த பிறகும் நீந்திப் போயின.