சர்ப்பகந்தா வேரும் இரத்த அழுத்த மருந்தும்: 1931 – 1952

அம்லோடிபின் போன்ற கால்சியத் தடுப்பிகள் தோன்றுமுன்பே, உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்தாகும் வேரொன்று இந்தியாவில் ஆராயப்பட்டது. சர்ப்பகந்தா அழுத்தத்தைத் தணிப்பதைக் கல்கத்தாவில் சென், போஸ் இருவரும் 1931இல் பதிவுசெய்தனர். அவ்வாண்டே தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றற்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் முதன்மைக்கூறு அப்படிகங்களில் இல்லை. எஞ்சிய பிசினிலேயே இருந்தது.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பயனை 1949இல் பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாட்டார் கவனம் இதன்பால் திரும்பியது. 1952இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தார் அப்பிசின் பகுதியிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தனர். இருபதாண்டுக்கால இந்திய ஆய்வின் கனி அங்கே வணிகப் பொருளாயிற்று. மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளால் ரிசர்ப்பின் பின்னர்ச் செல்வாக்கிழந்தது. அதனிடத்தைப் பிடித்தவற்றுள் கால்சியத் தடுப்பிகளும் அடங்கும்.